கணக்குப் பழகப் போகிறவர்களுக்கு

(செங்கற்பட்டில் வணிகப் படிப்பு மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



நம்மை இங்கு அழைத்தவர்கள் கொடுத்திருக்கும் விஷயம், ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிள் சேருவதில் லாபம் என்ன, கஷ்டம் என்ன என்பதாகும். விஷயத்தைத் தலைவர் படித்தவுடனேயே பின்வரிசையில் நாலு பேர் எழுந்து போனதைப் பார்த்தோம். அவர்கள் பேரில் நமக்கு வருத்தமில்லை. கணக்கு என்றால் நம் மக்களுக்கு அவ்வளவு வெறுப்பு. அந்த வெறுப்பு தானாக ஏற்பட்டதா, அல்லது கணக்கு நமக்குக் கிட்டாதபடி வெகுகாலம் வைத்திருந்ததால் ஏற்பட்டதா என்பதை முதலில் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பிறகு வேலையைப் பற்றிச் சொல்லுகிறோம்.

நம் செங்கற்பட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். 1763ல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வந்த கம்பெனியார் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்கிற இன்ஜினியரைக் கொண்டு சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து விபரம் எடுத்தார்கள். ஊருக்கு எத்தனை வீடு, எந்த ஜாதிக்கு எத்தனை வீடு, ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு மானியம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த விபரமெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? கிராமக் கணக்குப்பிள்ளையின் ஓலைச் சுவடியிலிருந்து. நிலத்தை உழுதவன் இருந்தான். ஏரியைத் தூர் வாரியவன் இருந்தான். ஆனால் ஊர் எவ்வளவு விளைந்தது என்று வாசித்துச் சொல்லக் கூடியவன் ஒருவன்தான். விளைச்சலில் தன் பங்கையும் எழுதிக் கொள்ளுகிறவன் அவனேதான்!

அந்தக் கணக்குப்பிள்ளைக்கு என்ன பரீட்சை வைத்தார்கள்? தகப்பன் கணக்குப்பிள்ளையானால் மகன் கணக்குப்பிள்ளை. மகனுக்குக் கூட்டல் வராவிட்டாலும் பாதகமில்லை, கழித்தல் வந்தால் போதும் என்கிற நிலைமை. இந்தப் பரம்பரை உத்தியோகச் சட்டம் சென்னை ராஜ்யத்தில் 1968ல்தான் ரத்தாயிற்று. கர்ணம், மணியக்காரர் என்கிற பதவிகளே 1980 நவம்பர் 14ந் தேதி அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார்கள். 1982ல் கோர்ட்டார் ஒழித்தது சரியென்று சொன்னார்கள். அதற்குப் பிறகே பரீட்சை எழுதித் தேறியவர்கள் கிராம நிர்வாக அலுவலர்களாக வந்தார்கள். ஆக, ஓர் ஊரின் கணக்கை ஊரில் உள்ள எவரும் எழுதலாம் என்பது நேற்று ஏற்பட்ட சங்கதியே தவிர, நம் தாத்தா காலத்துச் சங்கதியல்ல.

நிற்க, ஆடிட்டர் என்கிற உத்தியோகம் வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது. 1854ல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரத்துக் கணக்கர்கள் ராணியிடம் சாசனம் வாங்கிச் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். சாசனத்துக்கு அவர்கள் பாஷையில் சார்ட்டர் என்று பெயர். அதனால் சார்ட்டர்டு அக்கவுண்டெண்டு ஆனார்கள். இந்தியாவில் 1913ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், தகுதி பெற்ற தணிக்கையாளர் கம்பெனிக் கணக்கைப் பார்த்தாக வேண்டும் என்று விதித்தது. 1932ல் கணக்கர்களுக்கென்று ஒரு பதிவேடு ஏற்பட்டது. 1949 ஜூலை 1ந் தேதி சட்டப்படி இன்ஸ்டிட்யூட் ஏற்பட்டது. நமக்குச் சாசனம் கொடுத்த ராஜா ராணி ஒருவருமில்லை. சட்டசபை போட்ட சட்டம்தான். பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது.

இந்த உத்தியோகத்துக்குப் போக இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒன்று பரீட்சை. மற்றொன்று ஆர்ட்டிக்கிள், அதாவது தொழில் நடத்துகிற ஓர் ஆடிட்டரிடம் முத்திரைக் காகிதத்தில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பழகுவது. முன்பு மூன்று வருஷம். 2023ல் வந்த புதுத் திட்டப்படி இரண்டு வருஷம். இண்டர்மீடியட் பரீட்சையின் இரண்டு பகுதியும் தேறியவர்கள் இதில் சேரலாம். பழகி முடித்த பிறகுதான் பைனல்.

பரீட்சை வாசலில் நம் பெயரைப் பார்ப்பதில்லை, நம்பரைத்தான் பார்க்கிறார்கள். அது கஷ்டமான வாசல், ஆனால் குருட்டு வாசல். யாருடைய பிள்ளை என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது வாசலுக்கோ இரண்டு கண்ணும் உண்டு. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், தகப்பனாருக்கு என்ன வேலை, இங்கிலீஷ் எப்படிப் பேசுகிறான், யார் சிபார்சு என்று அது பார்க்கும். ஒரு காலத்தில் பையனின் தகப்பனார் ஆடிட்டருக்குப் பிரிமியம் என்று ஒரு தொகை கட்டித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. வேலை செய்கிறவன் பணமும் கொடுக்க வேண்டுமாம்! அப்படியானால் யார் வீட்டுப் பிள்ளை ஆடிட்டர் ஆகியிருப்பான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பிரிமியம் போய், பழகுகிறவனுக்கு ஸ்டைபெண்டு கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆர்ட்டிக்கிள் கிளார்க்கு என்கிற பெயரும் ஆர்ட்டிக்கிள் அசிஸ்டெண்டு என்று மாறிவிட்டது. ஆனால் இந்த வாசலில் சமூகவாரிப் பிரதிநிதித்துவம் என்கிற பேச்சே கிடையாது. ஆடிட்டர் இஷ்டப்பட்டால் சேர்ப்பார். இல்லாவிட்டால் "இடமில்லை" என்பார். ஏன் இல்லை என்று கேட்க ஒரு அதிகாரியும் இல்லை.

பெண்கள் விஷயத்தில் இந்த வாசல் இன்னும் குறுகலாக இருந்தது. 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது, அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாலு வருஷம் ஆவதற்குள், 1933ல், சென்னையில் ஆர். சிவபோகம் என்கிற அம்மையார் கணக்கியல் டிப்ளமோப் பரீட்சையில் தேறி, இந்தியாவிலேயே முதல் பெண் கணக்காளர் ஆனார். அவர் கதர்க் கட்சிக்காரர். அந்நியத் துணி மறுப்பில் ஜெயிலுக்குப் போனவர். நம் கட்சியல்ல. அதனால் என்ன? வெளியே வந்து சி.எஸ். சாஸ்திரி என்கிற ஆடிட்டரிடம் பழகினார். தொழில் நடத்தப் பதிவு கேட்டால், ஜெயில் தண்டனை பெற்றவர்களைப் பதியக் கூடாது என்று விதி குறுக்கே வந்தது. அந்த அம்மையார் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. வழக்காடி ஜெயித்து, 1937ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைவராகவும் இருந்தார். இன்று மாணவர்களில் பெண்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். இருந்தும் சில ஆபீசுகளில் "பெண் பிள்ளையை வெளியூர்த் தணிக்கைக்கு எப்படி அனுப்புவது?" என்று கேட்கிறார்கள். வெளியூரில் பயமிருந்தால் அந்தப் பயத்துக்குக் காரணமானவனை வீட்டில் நிறுத்தி வைக்காமல், பெண்ணை நிறுத்தி வைப்பது எந்தக் கணக்குப்படி நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம். நாம் சென்னையில் ஒரு பெரிய கணக்குக் கம்பெனியில் மூன்று வருஷம் ஆர்ட்டிக்கிளாக இருந்தோம். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. காலையில் செங்கற்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், இரவு அதே ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு திரும்புவது. பெரிய கம்பெனியில் படிப்படியாக ஆட்கள். ஆர்ட்டிக்கிளுக்கு மேல் சீனியர், அவருக்கு மேல் மேனேஜர், அவருக்கு மேல் கையெழுத்துப் போடுகிற பங்காளி. பங்காளியை நாம் முதல் வருஷத்தில் லிப்டில் பார்த்ததோடு சரி.

முதலில் கொடுக்கிற வேலை வவுச்சர் பார்ப்பது. ஒரு செலவுச் சீட்டை எடுத்தால் தேதி என்ன, யார் பெயருக்கு, என்ன காரியத்துக்கு, யார் அனுமதித்தது, பணம் வாங்கினவன் ரசீது இருக்கிறதா, அந்தத் தொகைதான் பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து ஒரு டிக் போட வேண்டும். டிக் போடுவது எளிது. மை தீருகிற வரையில் போடலாம். டிக்குக்கு முன்னால் கண் போக வேண்டும் என்பதுதான் கஷ்டம். நூறு சீட்டுக்கு மேல் போனால் கை தானாகப் போட ஆரம்பித்துவிடும், அர்ச்சகர் வாயில் மந்திரம் வருவதுபோல. அப்போதுதான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. அதனால் வேலை மாறிவிட்டதென்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் கூட்டலில் தப்புச் செய்யாது. உள்ளே போட்டது பொய்யானால் அந்தப் பொய்யையும் சரியாகக் கூட்டிக் கொடுக்கும்.

இந்த வேலையில் நமக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், இங்கே "பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்" என்பது ஆதாரமாகாது. முதலாளி சொன்னார், மேனேஜிங் டைரக்டர் சொன்னார், ஐம்பது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறோம் என்றால், "சந்தோஷம், காகிதத்தைக் காட்டுங்கள்" என்று பத்தொன்பது வயதுப் பையன் கேட்கலாம், கேட்க வேண்டும். நம் வியாபாரிகள் புதுக் கணக்குக்கு மஞ்சள் தடவி, தலையில் பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதித் தொடங்குகிறார்கள். தொடங்கட்டும். தணிக்கைக்காரன் பார்ப்பது பக்கத்தின் தலையை அல்ல, அடியில் உள்ள மொத்தத்தை. சுழி போட்ட கணக்கிலும் இருப்புக் குறைந்திருக்கிறது. போடாத கணக்கிலும் சரியாக இருந்திருக்கிறது.

அடுத்தது இருப்பு எண்ணுவது. மார்ச்சு 31ந் தேதி வந்தால் ஆர்ட்டிக்கிள் பிள்ளைகள் எல்லோரும் கிடங்குகளில் இருப்பார்கள். இதில் ஒரு முறை இருக்கிறது. ஜாபிதாவில் உள்ளதைக் கிடங்கில் தேடிப் பார்த்தால் மட்டும் போதாது. கிடங்கில் உள்ளதை எடுத்து ஜாபிதாவில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதலாவது, இல்லாத சரக்கை இருப்பதாக எழுதியதைக் காட்டும். இரண்டாவது, இருக்கிற சரக்கை எழுதாமல் மறைத்ததைக் காட்டும். கடைசியாக வந்த சரக்குச் சீட்டின் நம்பரும், கடைசியாக வெளியே போன சீட்டின் நம்பரும் குறித்துக் கொள்ள வேண்டும். அடுக்கிய பெட்டிகளில் நடுப்பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். செய்யூர்ப் பக்கம் உப்பளங்களில் ஓலை போட்டு மூடிய அம்பாரத்தை நீளம், அகலம், உயரம் அளந்து எடையைக் கணக்கிட வேண்டும். அம்பாரம் உள்ளும் உப்புத்தானா என்பதைக் கோலைக் குத்திப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வீண் சந்தேகம் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு சமாதானம். 1896ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில், மேனேஜர் நூல் இருப்பை வருஷக்கணக்காக அதிகமாக எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் அந்தச் சீட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டார் ஆடிட்டர் பேரில் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். 1938ல் அமெரிக்காவில் மெக்கெசன் ராபின்ஸ் என்கிற மருந்துக் கம்பெனியில் கோடிக்கணக்கான சரக்கு இருப்பதாகக் கணக்கில் இருந்தது. அந்தச் சரக்கு உலகத்திலேயே இல்லை! கணக்குப் புத்தகமெல்லாம் சரியாக இருந்தது. ஆடிட்டர் எவரும் கிடங்குக்குப் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். இன்று நம் தேசத்துத் தணிக்கை விதியிலும் அது இருக்கிறது. ஆகவே 31ந் தேதி வெயிலில் கிடங்கில் நிற்கிற பையன், ஒரு வெறும் சடங்குக்காக நிற்கவில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களை எண்ணுவது வேறொரு தமாஷ். மற்றக் கிடங்கில் ஆயிரம் போல்ட்டு என்றால் ஆயிரமும் ஒன்றுபோல இருக்கும். இங்கே ஒவ்வொரு சிலையும் ஒவ்வொரு விதம். பாதி செதுக்கிய பிள்ளையார், முகம் மட்டும் வந்த அம்மன், இன்னும் கல்லாகவே இருக்கிற முருகன் எல்லாம் வரிசையாக நிற்கும். இவற்றைக் கணக்கில் என்னவென்று எழுதுவது? "முடிவுறாத சரக்கு" என்று எழுத வேண்டும். விலை எப்படிப் போடுவது? கல் விலையும், அதுவரை கொடுத்த கூலியும் சேர்த்த அடக்க விலை ஒரு பக்கம். விற்றால் செலவு போகக் கிடைக்கிற விலை ஒரு பக்கம். இரண்டில் எது குறைவோ அதைப் போட வேண்டும். மூக்கில் வெடிப்பு விழுந்தால் அடக்கம் எத்தனை ஆயிரமானாலும் கழித்துத்தான் எழுத வேண்டும். கண் திறந்து, கும்பாபிஷேகம் செய்து, கோபுரத்துக்குள் வைத்த பிறகு அதே கல்லைத் தொடப் பலருக்கு உரிமை இல்லை என்கிறார்கள். கிடங்கில் இருக்கும்வரை ஆர்ட்டிக்கிள் பையன் யாராயிருந்தாலும் தொட்டு எண்ணிச் சீட்டு ஒட்டலாம்!

ஒரு தடவை அந்தக் கடற்கரையோரத்து ஒரு தங்கும் விடுதிக்கு இருப்பு எண்ணப் போனோம். போனவுடனே மீன் குழம்போடு சாப்பாடு போட்டார்கள். விருந்தாளியாகச் சாப்பிட்டவன் அந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூசுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூட வந்த சீனியருக்கு மாலையில் சென்னைக்குப் போக அவசரம். "போன வருஷச் சீட்டைப் பார்த்து நிரப்பிவிடு, பெரிய வித்தியாசம் இருக்காது" என்றார். நாம் எண்ணியே எழுதுகிறோம் என்றோம். இரவு ஒன்பது மணியாயிற்று. படுக்கை விரிப்புகளில் ஏராளமாகக் குறைந்தது. மறுநாள் விசாரித்ததில், அவை சலவைக்குப் போன இடத்தில் இருந்தன. அதற்குச் சீட்டும் இருந்தது. திருட்டு ஒன்றுமில்லை. சீனியருக்கு நம் பேரில் ஒரு மாதம் கோபம். இதில் நாம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சீட்டில் இருந்த எண்கள் எண்ணி எழுதிய எண்கள்.

மூன்றாவது, பாங்கிக் கடிதம். கம்பெனிக்குப் பாங்கியில் இவ்வளவு இருப்பு என்று கணக்கில் எழுதியிருந்தால், ஆடிட்டர் பாங்கிக்கு நேரே கேட்டு, பாங்கி ஆடிட்டருக்கே நேரே பதில் அனுப்ப வேண்டும். நடுவில் கம்பெனிக்காரர் கை படக்கூடாது. இந்த ஒரு சின்னச் சங்கதியை விட்டுவிட்டதால் வந்த அநர்த்தம் எல்லோருக்கும் தெரியும். 2009 ஜனவரி 7ந் தேதி ஐதராபாத்து சத்யம் கம்பெனித் தலைவர் தாமே எழுதிக் கொடுத்த கடிதத்தில், பாங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக் கொண்டார். கணக்கைத் தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ். 2011ல் அமெரிக்க அதிகாரிகள் விசாரித்து அபராதம் போட்டபோது சொன்ன முக்கியமான குறை, பாங்கியில் விசாரிக்கும் கடிதங்களை ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்துக் கொள்ளாமல் கம்பெனியிடமே விட்டுவிட்டார்கள் என்பதாகும். நம் நாட்டுப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியம் 2018ல் இரண்டு வருஷத் தடை விதித்தது. 2019ல் அப்பீலில் அந்தத் தடை தள்ளப்பட்டது. கோர்ட்டுச் சங்கதி எப்படியோ போகட்டும். இம்மாதிரிக் கடிதம் எழுதி, ஒட்டி, அனுப்பி, பதில் வந்ததா என்று குறிக்கிற வேலை எந்த ஆபீசிலும் யார் தலையில் விழும்? கடைசியாகச் சேர்ந்த இளைஞர் தலையில்தான். அவர் தபாலை எந்தக் கையில் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்துப் பல லட்சம் பேருடைய சேமிப்பு இருக்கிறது. ஆனால் அவருக்குக் கொடுக்கிற சம்பளம் என்ன?

அதையும் சொல்லுகிறோம். 2020ல் இன்ஸ்டிட்யூட் விதித்த குறைந்தபட்ச ஸ்டைபெண்டு, இருபது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரத்தில் முதல் வருஷம் மாதம் 4,000 ரூபாய். சிற்றூர்களில் 2,000 ரூபாய். பெரிய கம்பெனிகள் இதற்கு மேல் கொடுக்கின்றன. சிறிய ஆடிட்டர்கள் பலர் இதோடு நிறுத்திக் கொள்ளுகிறார்கள். விதி ஊரின் தலையை எண்ணிச் சம்பளம் போட்டிருக்கிறது. செங்கற்பட்டு நகரத்துக்கு 2011 ஜனக்கணக்கின்படி அறுபதினாயிரத்துச் சொச்சம் பேர். ஆகவே இங்கு பழகுகிற பையனுக்குச் சென்னையில் பழகுகிறவனுக்குப் பாதி. செங்கற்பட்டு வவுச்சர் சென்னை வவுச்சரில் பாதி அகலமா? நீங்கள் சேருகிறபோது அன்று நடப்பில் உள்ள அளவு என்ன என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் கற்கப் போவதே பிறருடைய பணத்தைக் கேட்கும் வித்தை. தன் பணத்தைக் கேட்கத் தெரியாதவன் அதை எப்படிக் கற்பான்?

வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி என்று விதியில் இருக்கிறது. செப்டம்பர் மாதக் கடைசியில் வருமானவரித் தணிக்கை அறிக்கை கொடுக்கிற காலத்தில் இந்த 35 மணி மூன்று நாளில் முடிந்துவிடும். மீதி நாளும் வர வேண்டும். "கற்றுக் கொள்ளத்தானே வந்தாய்?" என்பார்கள். கற்றுக் கொள்ளுகிறவனுக்கும் பசியும் தூக்கமும் உண்டு. நினைத்தவுடன் வேறிடம் போகவும் முடியாது. விடுவிப்புச் சீட்டு வேண்டும். ஆகவே பலர் வாயைத் திறப்பதில்லை.

இதைவிட மோசமான சங்கதி ஒன்றுண்டு. அது டம்மி ஆர்ட்டிக்கிள். பெயர் ஒரு ஆடிட்டரிடம் இருக்கும். பையன் ஆபீசுக்கே போகமாட்டான். டியூஷன் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பான். ஆடிட்டர் வந்ததாகக் கையெழுத்துப் போடுவார். ஸ்டைபெண்டு கொடுத்ததாகவும் பாங்கி மூலம் காட்டித் திரும்ப வாங்கிக் கொள்ளுவதுண்டு. பெற்றோர்கள் சிலர் இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துத் தேடிப் போகிறார்கள். இன்ஸ்டிட்யூட்டே இதைக் கண்டித்து நடவடிக்கை எடுத்து வருகிறது. தோழர்களே, யோசித்துப் பாருங்கள். ஊரார் கணக்கு நிஜமா பொய்யா என்று பார்க்கிற உத்தியோகத்துக்கு, முதல் நாளிலேயே பொய்க் கணக்கு எழுதிக் கொண்டு போவதென்றால், அந்தப் பிள்ளை பிற்காலத்தில் எந்த முகத்தோடு "வவுச்சரைக் காட்டு" என்று கேட்பான்?

இங்கிலாந்தில் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அங்கே பட்டத்தோடு சேர்ந்த தொழிற்பழகல் என்று ஏற்படுத்தி, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையைப் பெரிய கணக்குக் கம்பெனிகளே சம்பளத்தில் சேர்த்துக் கொள்ளுகின்றன. படிப்புச் செலவு பிள்ளையின் தலையில் இல்லை. 2017 முதல், வருஷத்துக்கு முப்பது லட்சம் பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கிற முதலாளிகள், அந்த மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு அரை வீதம் இதற்கென வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் பழகுகிறவர்களின் படிப்புக்குப் போகிறது. அங்கும் எல்லாம் சொர்க்கமல்ல; மேல்படிக்குப் போகும் பணத்தை 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியிருக்கிறார்கள். ஆனாலும் பழகுகிறவனுக்கு ஆகும் செலவு முதலாளியைச் சேர்ந்தது என்கிற கொள்கை அங்கே ஏற்பட்டுவிட்டது. நம் நாட்டில் 1961லேயே தொழிற்பழகுநர் சட்டம் ஏற்பட்டது. இப்போது பட்டப்படிப்புக்குள்ளேயே தொழிற்பழகலைச் சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழுவும் வழி செய்திருக்கிறது. ஆடிட்டர் ஆர்ட்டிக்கிள் மட்டும் இன்னும் குருகுல வாசம்போல், தனி மனிதருடைய தயவில் நிற்கிறது.

குருகுலத்தை மாற்றவே முடியாது என்பவர்கள் ரயில் ஏறி இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம் போனால் போதும். கல் செதுக்குவது பரம்பரைத் தொழில், தகப்பனிடம் மகன்தான் கற்க முடியும் என்றிருந்ததை மாற்றி, 1957ல் அங்கே அரசாங்கத்தார் சிற்பக் கல்லூரி வைத்தார்கள். உளி பிடித்துப் பழகுவதும் பட்டமும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பம் போடலாம். கல் யார் கை பட்டது என்று பார்த்து உடையவில்லை. 2017ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி, நேரமாகிவிட்டபடியால் சபையிலிருந்து வந்திருக்கிற சீட்டுகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி நிறுத்திக் கொள்ளுகிறோம்.

பெரிய கம்பெனியா, சிறிய ஆபீசா என்று ஒரு தோழர் கேட்கிறார். பெரிய இடத்தில் முறை கற்கலாம். ஆனால் ஒரே கம்பெனியின் ஒரே பகுதியை மூன்று மாதம் பார்ப்பீர்கள். சிறிய இடத்தில் ஜி.எஸ்.டி., வருமான வரி, பாங்கிக் கடன், கம்பெனிப் பதிவு எல்லாம் உங்கள் கையில் வரும். சில இடங்களில் ஆடிட்டர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவதும் வரும். முன்னைய காரியங்களைச் செய்யுங்கள். காய்கறிக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

தமிழில் படித்தவன் தேற முடியுமா என்று ஒரு சீட்டு. முடியும். ஆபீசுக் கடிதமெல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும். அந்த அளவு இங்கிலீஷ் ஒரு வருஷத்தில் வந்துவிடும். பற்று வரவு எந்தப் பாஷையிலும் பற்று வரவுதான். பைனலில் பெரும்பாலோர் முதல் தடவையே தேறுவதில்லை. இங்கிலீஷ்ப் பள்ளிக்கூடத்தார் உட்பட.

பி.காம். முடித்தவர் நேரே சேரலாமா என்று ஓர் அம்மையார் மகளுக்காகக் கேட்கிறார். வணிகப் பட்டத்தில் நூற்றுக்கு 55 மார்க்கு இருந்தால் முதல் பரீட்சை எழுதாமல் நேரே இண்டர்மீடியட்டுக்குப் பதியலாம். மகளையே அடுத்த தடவை கேட்கச் சொல்லுங்கள்.

கடைசிச் சீட்டில் பெயரில்லை. "சீனியர் எண்ணாமல் எழுதச் சொன்னால் என்ன செய்வது? மறுத்தால் சர்டிபிகேட் கெட்டுவிடாதா?" என்று இருக்கிறது. எதை எண்ணினீர்களோ அதை மட்டும் எழுதி, எண்ணாத வரிக்கு நேரே "எண்ணப்படவில்லை" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தச் சீட்டை மேலே அனுப்புவதும் அனுப்பாததும் சீனியர் பொறுப்பு. அனுப்பாமல் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொண்டால், அதில் இருப்பது அவர் கையெழுத்து, உங்களுடையது அல்ல.